இரத்தத்தில் ஏறும் கால்சியம், எலும்பை விட்டு இறங்கும் கால்சியம்

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஆறு, ஏறத்தாழ ஒரே பொருளைப் பற்றியவை. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் கூடியிருப்பதையோ பாராதைராய்டு ஹார்மோனின் அளவு மாறியிருப்பதையோ கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எழுதியவர்கள் அவர்கள். ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் உதவும் என்பதால் ஆறையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். அவரவர் உடலுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியவர், நேரில் பார்க்கும் மருத்துவரே.

கேள்வி: எனக்கு வயது 56. பொதுவான உடல்நலப் பரிசோதனையின்போது கால்சியம் 11.1 மில்லிகிராம் என்று வந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்தபோதும் 11.0. பாராதைராய்டு ஹார்மோன் 58. இயல்பு வரம்பு 15 முதல் 65 வரை என்று அறிக்கையில் அச்சிட்டிருப்பதால், அது சரியாகவே இருக்கிறது என்றார்கள். வீட்டில் எல்லோரும், "கால்சியம் கூடுதலாக இருந்தால் எலும்பு பலமாகத்தானே இருக்கும்?" என்கிறார்கள். எனக்கோ எப்போதும் அசதி, தாகமும் அதிகம், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல் ஒன்றும் வந்து போயிற்று. இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டார் அன்பினால் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போவதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம் என்பதால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிய பங்கு. ஆயினும் நரம்புகள் செய்தி கடத்துவதும், தசைகள் சுருங்கி விரிவதும், இதயம் தாளம் தவறாமல் துடிப்பதும் அந்தச் சிறிய பங்கையே நம்பியிருப்பதால், உடல் அதை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய வரம்புக்குள் காத்து வருகிறது. அதற்காகத் தேவைப்பட்டால் எலும்பைக் கரைத்து எடுக்கவும் அது தயங்குவதில்லை. ஆகவே இரத்தத்தில் கால்சியம் கூடியிருப்பதை எலும்பின் பலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. உங்களைப் போன்றவர்களிடம் பெரும்பாலும் அதன் பொருள் நேர்மாறானது; எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதே அது.

இந்தக் காவல் வேலையைச் செய்பவை கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியை விடச் சற்றே பெரியது. பெயர் ஒத்திருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் உறவு கிடையாது. இரத்தத்தில் கால்சியம் சிறிதளவு குறைந்தாலும் இவை உணர்ந்து பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும். சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் சிறுநீரகத்தைத் தடுத்து, மாறாகப் பாஸ்பேட்டை வெளியேற்றும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்வடிவுக்கு மாற்றச் செய்து, அதன் வழியாகக் குடல் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சவும் ஏற்பாடு செய்யும். கால்சியம் போதுமான அளவை எட்டியதும் சுரப்பிகள் அடங்கிவிட வேண்டும்.

உங்கள் அறிக்கையில் பிழையாகப் படிக்கப்பட்ட இடம் இதுதான். வயலில் நீர் நிரம்பிய பின்னும் மடை பாதி திறந்தே கிடந்தால், பாதிதானே திறந்திருக்கிறது என்று விட்டுவிட மாட்டோம். உங்கள் கால்சியம் 11-ஐத் தொட்டிருக்கும்போது, நலமான சுரப்பிகள் ஹார்மோனை வரம்பின் அடிமட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்கியிருக்க வேண்டும். 58 என்ற எண் வரம்புக்குள் இருப்பதால் மட்டும் இயல்பானதாகிவிடாது. அந்தக் கால்சிய அளவுக்கு அது பொருத்தமற்ற உயர்வு. எனவே இந்த இரண்டு எண்களையும், முடிந்தவரை ஒரே நாளில் ஒரே முறை எடுத்த இரத்தத்திலிருந்து, சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முடிவுக்கு வருமுன் சில ஐயங்களை நீக்கிக்கொள்ள வேண்டும். இரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஒரு பெரும் பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருப்பதால், அல்புமின் அளவைக் கணக்கில் கொண்டு திருத்திய எண்ணையோ, ஒட்டாமல் தனித்திருக்கும் அயனிக் கால்சியத்தையோ பார்ப்பது நல்லது. இரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலும் கால்சியம் சற்றுக் கூடிக் காட்டும். முடி, நகம் வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், அது சில ஆய்வகக் கருவிகளில் பாராதைராய்டு ஹார்மோனைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தையசைடு வகை மாத்திரைகளும், மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியமும் கால்சியத்தை உயர்த்தக்கூடியவை. அவற்றை உட்கொண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இவை எதுவும் காரணமில்லை என்றால், உங்களுக்கு இருப்பது முதன்மை ஹைப்பர்பாராதைராய்டிசமாகவே, அதாவது பாராதைராய்டு சுரப்பி தானாகவே அளவு மீறிச் சுரக்கும் நோயாகவே இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல், நான்கு சுரப்பிகளுள் ஒன்றில் மட்டும் தோன்றும் அடினோமா என்ற சிறு கட்டியே காரணம். அது புற்றுநோய் அன்று. பாராதைராய்டில் புற்றுநோய் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அடுத்ததாக வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினின், 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம், சிறுநீரக அல்ட்ராசவுண்ட், எலும்பு அடர்த்தி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சில குடும்பங்களில் சிறுநீரகம் பிறவியிலேயே கால்சியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அவர்களுக்கும் இரத்தக் கால்சியம் கூடி, ஹார்மோன் இயல்பாகவோ சற்று உயர்ந்தோ இருக்கும். அது பெரும்பாலும் தீங்கற்றது, அறுவைச் சிகிச்சையால் பயனும் இல்லை. அவர்களின் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாக இருப்பதை வைத்தே வேறுபாட்டை அறிகிறோம்.

நோய் உறுதியானால், கால்சியம் இயல்பின் மேல் வரம்பை 1 மில்லிகிராமுக்கு மேல் தாண்டாவிட்டாலும், கல் வந்து போனவர் என்ற ஒரே காரணத்தால் உங்களுக்கு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். 50 வயதுக்கு உட்பட்டவர்கள், எலும்பு அடர்த்தியின் டி-ஸ்கோர் (நலமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனவர்கள், முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள், சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்கும் அதுவே பரிந்துரை. அசதியையும் இரவில் எழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிடாமல் கடிதமாக எழுதினீர்களே, அது நல்ல காரியம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. நின்ற இடத்திலேயே சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. பிறகு எடுத்த ஸ்கேனில் முன்கையில் டி-ஸ்கோர் மைனஸ் 3.0, முதுகெலும்பில் மைனஸ் 1.6. கால்சியம் 11.4, பாராதைராய்டு ஹார்மோன் 132. உடனே பால் பொருட்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அது சரிதானா? முன்கை மட்டும் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது?

பதில்: பால் பொருட்களை மீண்டும் கொடுங்கள். இந்த நோயில் கால்சியம் கூடுவது உணவினால் அன்று. உணவில் கால்சியத்தைக் குறைத்தால், ஏற்கெனவே அடங்காத சுரப்பி இன்னும் அதிகமாகச் சுரந்து, தேவையானதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீங்கள் காக்க நினைத்த எலும்பே அதற்கு விலை கொடுக்கும். அந்த வயதினர் எல்லோருக்கும் சொல்லப்படும் அளவு, அதாவது நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரையிலான கால்சியம், உணவின் வழியாகவே கிடைத்தால் போதுமானது. மாத்திரையாகக் கூடுதல் கால்சியத்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். வைட்டமின் டி குறைந்திருந்தால் அதையும் கவனமாகச் சரிசெய்ய வேண்டும்; குறைவு நீடிப்பது ஹார்மோனை மேலும் தூண்டும். தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கட்டும்.

முன்கையைப் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. எலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமைந்ததன்று. முதுகெலும்பின் உட்பகுதி தேனடை போலச் சிறு அறைகளால் ஆனது. முன்கை எலும்பின் கீழ் மூன்றிலொரு பகுதியோ பெரும்பாலும் கெட்டியான புறணியால் ஆனது. அளவு மீறிய பாராதைராய்டு ஹார்மோன் முதலில் அரிப்பது அந்தக் கெட்டிப் புறணியையே. மாதவிடாய் நின்ற பின் வரும் வழக்கமான எலும்புத் தேய்வு முதுகெலும்பில் முந்தித் தெரிவதும், இந்த நோயில் முன்கை முந்திக்கொள்வதும் இதனால்தான். பல இடங்களில் முதுகையும் இடுப்பையும் மட்டுமே படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கால்சியம் கூடியவர்கள் முன்கையையும் சேர்த்து எடுக்கும்படி கேட்டு வாங்க வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவதுண்டு. முறிந்து கூடிய எலும்பு பொய்க் கணக்கு காட்டும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அளந்தது இடது முன்கையைத்தானா என்று சரிபாருங்கள். முதுகெலும்பின் எண் அவ்வளவு மோசமில்லை என்றாலும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வலியே இல்லாமல் முள்ளெலும்பு நசுங்கியிருப்பது இந்த நோயில் உண்டு. ஓர் எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும்.

எலும்பா சுரப்பியா, எது காரணம் எது விளைவு என்ற குழப்பம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்ததன்று. மருத்துவ உலகமே அதில் பல ஆண்டுகள் சிக்கியிருந்தது. மனித உடலில் இந்தச் சுரப்பிகளை 1880-இல் விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். எலும்பு கரைந்து குழிகள் விழுந்து வளையும் கொடிய நோயை 1891-இல் ஜெர்மானியரான ஃபான் ரெக்லிங்ஹௌசன் எழுதிவைத்தார். அத்தகைய நோயாளிகளுக்குப் பாராதைராய்டு சுரப்பி பெருத்திருப்பது பின்னர் தெரியவந்தபோது, கெட்டுப்போன எலும்பை ஈடுசெய்வதற்காகவே சுரப்பி பெருக்கிறது என்று பலர் நம்பினார்கள். வியன்னாவில் ஃபெலிக்ஸ் மான்டல் என்ற அறுவை மருத்துவரும் அப்படியே எண்ணி, எலும்பு நோயால் முடங்கிப்போன ட்ராம் நடத்துநர் ஒருவருக்குப் பாராதைராய்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வேறொருவரின் சுரப்பியையே பதித்தும் பார்த்தார். பயனில்லை. 1925-இல் துணிந்து எதிர்த்திசையில் சென்று, நோயாளியின் கழுத்திலிருந்த பாராதைராய்டுக் கட்டியை அகற்றினார். எலும்பு வலி தணிந்தது, அந்த மனிதரால் மீண்டும் நடமாட முடிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பியது என்றாலும், சுரப்பியே காரணம், எலும்பின் கேடு அதன் விளைவு என்பது அன்று விளங்கிவிட்டது. உங்கள் அம்மாவுக்கும், எலும்புக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டு சுரப்பியை விட்டுவைப்பது பாதிச் சிகிச்சைதான். அறுவை முடிந்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி கூடுவதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம்.

கேள்வி: கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் கூடியிருக்கின்றன. ஆனால் செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுத்த ஸ்கேனிலும் அல்ட்ராசவுண்டிலும் கட்டி எதுவும் தெரியவில்லை. அப்படியானால் எனக்கு நோய் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. நோய் இருக்கிறதா என்பதை இரத்தமும் சிறுநீரும் தீர்மானிக்கின்றன. கட்டி எங்கே இருக்கிறது என்று அறுவை மருத்துவருக்கு வழிகாட்டுவது மட்டுமே ஸ்கேனின் வேலை. சிறிய கட்டியும், ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பெருத்திருப்பதும், மார்புக்கூட்டுக்குள் இறங்கி மறைந்திருக்கும் சுரப்பியும் படத்தில் தப்பிவிடக்கூடும். பாராதைராய்டு அறுவையை அடிக்கடி செய்து பழகியவரைத் தேடுங்கள். அத்தகையவர் கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் என்பதால், கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்குக் கீழே இறங்குகிறதா என்று அறுவை அரங்கிலேயே சோதித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்புத் தோன்றினால் உடனே தெரிவியுங்கள். பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால் இரத்தத்தில் அது தாழ்ந்துபோகக்கூடும்.

கேள்வி: எனக்குப் பாராதைராய்டு ஹார்மோன் 140. கால்சியம் 8.9. வைட்டமின் டி 9 நானோகிராம். உடனே அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்துகிறார்.

பதில்: அச்சம் வேண்டாம். உங்கள் சுரப்பிகள் கெட்டுப்போகவில்லை; கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. வைட்டமின் டி மிகவும் குறைந்ததால் குடலால் போதிய கால்சியத்தை உறிஞ்ச முடியவில்லை. இரத்தக் கால்சியம் சரியாமல் காக்கச் சுரப்பிகள் கூடுதலாக உழைக்கின்றன. இதை இரண்டாம் நிலை ஹைப்பர்பாராதைராய்டிசம் என்கிறோம். வைட்டமின் டி-யை மருத்துவர் சொல்லும் அளவில் நிரப்பிச் சில மாதங்களுக்குப் பின் மூன்றையும் மறுபடி அளந்தால், பெரும்பாலும் ஹார்மோன் இறங்கியிருக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இதே உயர்வு வருவதால் கிரியேட்டினினையும் ஒருமுறை பாருங்கள். வைட்டமின் டி நிரம்பிய பின் கால்சியம் வரம்பைத் தாண்டி ஏறினால், அது வேறு கதை. அதுவரை மறைந்திருந்த முதன்மை நோய் அப்போது வெளிப்படுவதுண்டு.

கேள்வி: என் கணவருக்குக் கால்சியம் 13.2. பாராதைராய்டு ஹார்மோன் 6 மட்டுமே. நான்கு நாளாக வாந்தியும் மலச்சிக்கலும் இருக்கின்றன. பேச்சில் சிறு தடுமாற்றம். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க இருக்கிறோம்.

பதில்: அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு அன்றே தகவல் அனுப்பினேன்; இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். கால்சியம் இவ்வளவு ஏறி, மனக்குழப்பமோ வாந்தியோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடல் நீரை இழப்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படும், அதனால் கால்சியம் மேலும் ஏறும். இந்தச் சுழலை நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி உடைக்க வேண்டும். கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். சோலெட்ரோனிக் அமிலம் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் நீடித்த பலன் தரும்.

இங்கே ஹார்மோன் அடங்கியிருப்பது, சுரப்பிகள் நலமாகவே இருக்கின்றன, காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. சில புற்றுநோய்க் கட்டிகள் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே செயல்படும் ஒரு புரதத்தைச் சுரக்கும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் நேரடியாகவே எலும்பை அரிக்கும். ஆகவே அந்தத் தேடலைத் தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம், காசநோய், சார்க்காய்டோசிஸ் போன்ற, சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய்களும், வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டிய திறன் மிகுந்த வைட்டமின் டி மருந்தை நாள்தோறும் தவறுதலாக உட்கொண்டதும் இதே எண்களைத் தரும். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், ஊட்டச்சத்துப் புட்டிகள் உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிவு தெரியுமுன் மிக மோசமானதையே கற்பனை செய்து உங்களை வாட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. முதன்மை ஹைப்பர்பாராதைராய்டிசம் என்று உறுதியாகிவிட்டது. இதய நோய் இருப்பதால் அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய தோழிக்கு எலும்பு பலம் பெறப் பாராதைராய்டு ஹார்மோன் ஊசியே போடுகிறார்கள். எலும்பைக் கரைக்கும் அதே ஹார்மோன் எப்படி மருந்தாகும்? இவருக்கும் அதைப் போடலாமா?

பதில்: தோழிக்குப் போடுவது டெரிபாராடைடு. 84 அமினோ அமிலங்களால் ஆன ஹார்மோனின் முதல் 34-ஐ மட்டும் கொண்ட இந்த மருந்து 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் இரவும் பகலும் இடைவிடாது உயர்ந்திருந்தால் எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது. நாளுக்கு ஒருமுறை ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் எலும்பைக் கட்டும் செல்கள் முந்திக்கொள்கின்றன. ஒரே ஹார்மோன், அது வந்து தங்கும் கால அளவைப் பொறுத்து, அழிக்கவும் ஆக்கவும் செய்கிறது என்பது உடலியலில் என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்திகளுள் ஒன்று.

உங்கள் மாமியாருக்கு அது கூடாது. அவர் உடலில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே இடைவிடாது உயர்ந்திருக்கிறது. ஊசி கால்சியத்தை இன்னும் ஏற்றிவிடும். அறுவை வேண்டாமென்றால் வேறு வழிகள் உண்டு. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் எலும்பு அடர்த்தியைக் கூட்டும், ஆனால் கால்சியத்தைப் பெரிதாகக் குறைக்காது. சினகால்செட் கால்சியத்தைக் குறைக்கும், ஆனால் எலும்பு அடர்த்தியைக் கூட்டாது. எது தேவை என்பதை அவருடைய எண்களைப் பார்த்து, சில வேளை இரண்டையும் சேர்த்து, மருத்துவர் முடிவு செய்வார். ஆண்டுக்கொரு முறையாவது கால்சியத்தையும் சிறுநீரகச் செயல்திறனையும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை முன்கை உட்பட எலும்பு அடர்த்தியையும் பார்த்து வாருங்கள். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சிறு கீறலில் கட்டியை எடுக்கும் முறையும் இருப்பதால், இதய மருத்துவரின் கருத்தைக் கேட்ட பின் அந்தப் பேச்சை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எலும்புக்கென்று எவரேனும் ஊசி பரிந்துரைத்தால், மருந்தின் பெயரைக் கேட்டறிந்து, போடுமுன் மாமியாரின் கால்சிய அறிக்கையை அவரிடம் காட்டிவிடுங்கள்.